செம்மரமா, வேங்கையா: எது உண்மையில் ஆபத்தில் இருக்கிறது?

நகரிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ஆந்திர எல்லைப் பக்கம் கைலாசகோனா அருவிக்கு மேலே ஏறும் ஒற்றையடிப் பாதையில் எடுத்த இரண்டு மரங்களின் படங்களைப் போட்டிருக்கிறேன். முதல் மரம் பூத்திருக்கிறது, சின்னச் சின்ன மஞ்சள் பூ. இரண்டாவதில் பூ இல்லை, போன வருடத்துக் காய்கள் வட்ட வட்டமாகத் தொங்குகின்றன. வழியில் ஆடு ஓட்டி வந்த பெரியவர் முதலாவதை எர்ர சந்தனம் என்றார், இரண்டாவதை யேகி என்றார். நாம் சொல்லும் செம்மரமும் வேங்கையும்தான்.

என் சந்தேகம் வேறு. உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். வெளியிடும் சிவப்புப் பட்டியலில் செம்மரம் ‘அருகிய இனம்’. வேங்கை அதற்கு இரண்டு படி கீழே, ‘அச்சுறு நிலையை அண்மித்தது’. ஆனால் அந்த மலையில் திரும்பிய பக்கமெல்லாம் செம்மரம் நிற்கிறது. வேங்கையைத்தான் பெரியவர் கைகாட்டித் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. கணக்கு தலைகீழாக இருக்கிறதே, யாராவது விளக்குங்களேன்.

கொசஸ்தலை:
பதில் அப்புறம் ஆகட்டும். முதலில் படத்தில் ஒட்டியிருக்கும் இட விவரத்தை எடுத்துவிடுங்கள். செம்மரம் நிற்கிற இடத்தைப் பொதுவில் சொல்வது நல்லதல்ல.

நெறியாளர்:
இட விவரம் நீக்கப்பட்டது. இந்த இழையில் மரம் நிற்கும் சரியான இடத்தை யாரும் எழுத வேண்டாம். ஊர்ப் பெயர் வரை போதும்.

தாவரப்பித்து:
நகரிக்காரர் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரியவர் சொன்னது சரி. இரண்டும் டெரோகார்ப்பஸ் என்ற ஒரே பேரினம். செம்மரம் டெரோகார்ப்பஸ் சாண்டலினஸ், வேங்கை டெரோகார்ப்பஸ் மார்சூப்பியம். பூவை மட்டும் வைத்துப் பிரிப்பது கஷ்டம், இலையைப் பாருங்கள். செம்மரத்தில் ஒரு காம்பில் பெரும்பாலும் மூன்றே சிற்றிலைகள், அகலமாக, கிட்டத்தட்ட வட்டமாக இருக்கும். வேங்கையில் ஐந்து முதல் ஏழு, நுனியில் லேசாக ஒரு வெட்டு விழுந்திருக்கும். பட்டையும் வேறு. செம்மரத்துப் பட்டை கருத்துப்போய், முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். வேங்கைப் பட்டை சாம்பல் நிறம். அதில் அரிவாள் பட்டால் கொஞ்ச நேரத்தில் ரத்தச் சிவப்பில் பால் கசியும். அது காய்ந்து பிசினாகும். பழைய மருந்துப் புத்தகங்களில் மலபார் கினோ என்று வருவது இந்தப் பிசின்தான். யாரும் வெட்டிப் பார்த்துச் சோதிக்க வேண்டாம், இலையே போதும்.

செம்மரம் இலை உதிர்த்துவிட்டுப் பங்குனி கடைசியில் தொடங்கி வைகாசிக்குள் பூத்து முடித்துவிடும். மரம் முழுக்கப் பூத்தாலும் காய் பிடிப்பது கொஞ்சம்தான். வேங்கைப் பூ பெரிய கொத்து, பொதுவாக மழையை ஒட்டி வரும், மலைக்கு மலை மாதம் மாறும். இரண்டுக்கும் மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் வரும்.

பட்டியல் பற்றி இரவு எழுதுகிறேன்.

பட்டறை சித்தூர்:
இலையெல்லாம் எனக்குத் தெரியாது, கட்டை தெரியும். அப்பா காலத்தில் பட்டறையில் ஏலத்தில் எடுத்த செம்மரத் துண்டுகள் கிடக்கும், மரப்பாச்சி பொம்மை செய்ய. ஒரு துண்டை அண்டாத் தண்ணீரில் போட்டால் நேராக அடியில் போய் உட்காரும். அவ்வளவு கனம். உளி வைத்தால் வரும் தூள் கையில் அப்பிக்கொள்ளும், வெயிலில் பார்த்தால் கருஞ்சிவப்பு. வெளிப்பக்கம் இருக்கும் வெளிறு வெள்ளையாக இருக்கும், அதைச் செதுக்கித் தள்ளிவிட்டு வைரத்தை, அதாவது உள்ளே சிவந்த கெட்டிக் கட்டையை மட்டும்தான் எடுப்போம். இங்கெல்லாம் கைக்குழந்தை வீட்டில் ஒரு மரப்பாச்சி கட்டாயம் இருக்கும். உரசிப் பூசவும் ஆகும், பிள்ளை வாயில் வைத்துக் கடித்தாலும் பரவாயில்லை என்பார்கள். கல்யாணச் சீரில் ஜோடியாக வைப்பார்கள், கொலுவில் முதல் படியில் நிற்கும்.

வேங்கை எங்களுக்கு வீட்டு மரம். நிலை, உத்தரம், வண்டிச் சட்டம். தேக்கு வாங்க முடியாதவர் வேங்கை வாங்குவார். அறுக்கும்போது மஞ்சளும் பழுப்புமாக இருக்கும், ஈரத்தில் கறை விடும். சுண்ணாம்புச் சுவரில் வேங்கை நிலை வைத்தால் மழைக்குக் கறை இறங்கும், அதனால் முன்னாடியே எண்ணெய் கொடுத்துவிடுவோம். இப்போது நாட்டு வேங்கை வருவதே இல்லை. கடையில் வேங்கை என்று தருவது முக்கால்வாசி ஆப்பிரிக்கக் கட்டை.

திருத்தணி டீச்சர்:
பட்டறைத் தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் ரத்த சந்தனம் என்று வாங்கும் பொடி அசலா என்று பலர் கேட்கிறார்கள். செம்மரத்தின் சாயம் சாண்டலின். அது தண்ணீரில் ஏறக்குறைய கரையாது, சாராயத்தில் நன்றாகக் கரையும். அதனால் பச்சைத் தண்ணீரில் போட்டதும் தகதகவென்று சிவந்தால் அது பெரும்பாலும் பதிமுகம், அதாவது கேரளத்தில் குடிதண்ணீரில் போடுவார்களே, அந்தக் கட்டை. வேங்கைத் தூளை ஊற வைத்தால் தேநீர் நிறத்தில் இறங்கும். அந்த டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் விளிம்பில் ஒரு நீலம் ஓடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்டினால் வாயைப் பிளப்பார்கள்.

சர்க்கரைக்கு வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற வைத்துக் குடிப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1990-களில் இதை வைத்துச் சோதனை நடத்தியது உண்மை. அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டுக் குவளையைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

தாவரப்பித்து:
இப்போது பட்டியல்.

நகரிக்காரரைப் போலப் பலரும் நினைப்பது, பட்டியல் எண்ணிக்கையைச் சொல்கிறது என்று. அது பெரும்பாலும் வேகத்தைச் சொல்கிறது. ஓர் இனத்தின் எண்ணிக்கை பத்து ஆண்டுகளில், அல்லது மூன்று தலைமுறைகளில், இரண்டில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள், எவ்வளவு குறைந்தது என்பதுதான் முதல் அளவுகோல். காரணம் இன்னும் நீங்கவில்லை என்றால் 30 விழுக்காடு குறைந்தால் ‘அழிவாய்ப்பு இனம்’ என்ற படி, 50 குறைந்தால் ‘அருகிய இனம்’, 80 என்றால் அதற்கும் மேல். மரத்துக்குத் தலைமுறை நீளம் அதிகம். மூன்று தலைமுறை என்றால் நம் கொள்ளுத்தாத்தா பார்த்த காட்டையும் சேர்த்துத்தான் கணக்கு. செம்மரம் அந்த அளவில் 50 முதல் 80 விழுக்காடு வரை குறைந்திருக்கிறது என்பது இப்போதைய மதிப்பீடு.

அடுத்தது பரப்பு. செம்மரம் உலகத்தில் வேறெங்கும் காட்டில் இயற்கையாக வளர்வதில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி மட்டும்தான்: சேஷாசலம், வெலிகொண்டா, பாலகொண்டா, லங்கமலை, நல்லமலையின் ஓரம், அப்புறம் நம் பக்கத்தில் தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டுக்கொண்டு கொஞ்சம். பாறையும் சரளையுமான, மழை குறைந்த சரிவுகள். வேங்கை அப்படியில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, இலங்கை என்று பரந்து கிடக்கிறது. நம் மலையில் ஒரு வேங்கை கூட இல்லாமல் போனாலும் உலகப் பட்டியலில் அதன் இடம் அசையாது.

இன்னொரு வேடிக்கை. செம்மரம் 1998-இல் ‘அருகிய இனம்’. 2018-இல் அதை இறக்கி, இன்று வேங்கை இருக்கும் அதே படியில் வைத்தார்கள். பிறகு 2021 மதிப்பீட்டில் மறுபடி ‘அருகிய இனம்’. இடையில் காட்டில் நிலைமை சீராகிவிட்டதா என்றால், 2014, 2015 பத்திரிகைகளில் செம்மரக் கடத்தல் செய்திகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே பட்டியலை வேதம் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே நேரம் தூக்கிப் போடவும் வேண்டாம்.

நகரிக்காரன்:
நன்றி சார். வேகம், பரப்பு இரண்டும் புரிகிறது. ஆனாலும் கண் முன்னால் அத்தனை செம்மரம் நிற்கிறதே?

கோனா நடை:
நிற்கிறதா, தளிர்த்திருக்கிறதா? அடுத்த முறை போகும்போது அடிமரத்தைப் பாருங்கள். நானும் அந்தப் பக்கம் அடிக்கடி நடப்பவன். தரையோடு வெட்டிய பழைய கட்டை ஒன்று, அதைச் சுற்றி நான்கைந்து கொம்புகள் கிளம்பியிருக்கும். எல்லாம் கைக்கு அடங்கும் பருமன். தூரத்தில் இருந்து பார்த்தால் அடர்ந்த காடு. கட்டிப்பிடித்து அளக்கும்படி ஒரு மரம் பார்ப்பது அபூர்வம்.

தாவரப்பித்து:
இதைத்தான் சொல்ல வந்தேன். செம்மரம் வெட்டிய இடத்தில் நன்றாகத் துளிர்க்கும். அது அதன் பலம். ஆனால் துளிர்த்த கொம்பு வைரம் பாய்ந்து, நிறையக் காய்க்கும் மரமாக ஆவதற்குள் மறுபடி அரிவாள் வந்துவிடுகிறது, இல்லாவிட்டால் கோடைத் தீ. தலை எண்ணினால் ஏராளம். ஆனால் விதை போடும் வயதில் உள்ள மரத்தைத்தான் எண்ண வேண்டும்.

வேங்கைக்கு இந்தக் கணக்கே வேறு. அதன் தழை ஆடு மாட்டுக்குப் பிடித்த தீவனம். கன்று எழுந்தாலும் மேய்ச்சலில் போய்விடும், தப்பியதைத் தீ பிடிக்கும். அதனால் பெரிய மரம் சில நிற்கும், அடியில் பிள்ளை மரம் இருக்காது. செம்மரக் காட்டில் கிழங்கள் இல்லை. வேங்கை நிற்கும் இடத்தில் குஞ்சுகள் இல்லை.

ஜவ்வாது:
எல்லாரும் மரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். வெட்டப் போன ஆட்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. நான் ஜவ்வாது மலைக்காரன்.

2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரி பக்கம் சேஷாசலக் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர்கள், திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட மலைக் கிராமத்துக் கூலிகள் அதில் நிறைய. எங்கள் பக்கத்தில் சாமை விளைச்சல் பொய்த்தால் ஏஜெண்ட் வருவான். மேஸ்திரி வேலை, பெயிண்ட் வேலை என்று சொல்லித்தான் கூப்பிடுவான். முன்பணம் கொடுப்பான். வண்டியில் ஏறின பிறகுதான் எந்த வேலை என்று சில பேருக்குத் தெரியும். தெரிந்தே போனவர்களும் உண்டு, மறைக்கவில்லை. கோடரி பிடிக்கத் தெரிந்தவன், கனம் தூக்கி இரவில் மலை இறங்கத் தெரிந்தவன், அதனால் எங்களைத் தேடி வந்தார்கள். கட்டையின் விலையில் வெட்டினவனுக்கு வருவது எவ்வளவு என்று யாராவது கணக்குப் போட்டீர்களா? சிறைக்குப் போவதும் அவன்தான். கன்டெய்னரில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்புகிறவன் முகத்தை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

கொசஸ்தலை:
உண்மைதான் அண்ணே. கட்டை போய்ச் சேருகிற இடம் சீனா, ஜப்பான். சீனாவில் பழைய அரண்மனைப் பாணி நாற்காலி, அலமாரி செய்ய. ஜப்பானில் ஷாமிசென் என்ற தந்தி வாத்தியத்துக்கு. வரி அலை அலையாக ஓடும் கட்டைக்கு மட்டும் தனி விலை. வெளியிலிருந்து பார்த்து வரி இருக்கிறதா என்று சரியாகச் சொல்ல முடியாது, அதனால் மரத்தைக் கொத்திப் பார்த்துவிட்டு, வரி இல்லையென்றால் அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். அந்தக் காயத்தோடு நிற்கும் மரங்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லைநிலம்:
சட்டம்தான் விலையை ஏற்றியது என்பது என் கருத்து. 1995-இல் செம்மரத்தை சைட்டிஸ், அதாவது அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். காட்டுக் கட்டை ஏற்றுமதிக்குத் தடை. தடை இருக்கும் பொருளுக்குக் கள்ள விலை ஏறத்தான் செய்யும். 2016-இல் ஆந்திர அரசு வனச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டியது, திருப்பதியில் தனிப்படை இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது. வெட்டு நின்றதா? வேங்கைக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை, அதன் பின்னால் கொள்ளைக் கும்பலும் இல்லை. பேசாமல் செம்மரத்தையும் தாராளமாக விற்கவிட்டால் இந்தக் கதை முடியும்.

தாவரப்பித்து:
எல்லைநிலம் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். தடை மட்டும் போட்டால் விலை ஏறும், சரி. ஆனால் வேங்கைக்கு அந்த அளவு தடை இல்லையே, அது மட்டும் பிழைத்ததா? பட்டறைக்காரர் மேலே என்ன சொன்னார்? நாட்டு வேங்கை வருவதே இல்லை, ஆப்பிரிக்கக் கட்டைதான் என்றார். அந்த ஆப்பிரிக்க டெரோகார்ப்பஸ் இனங்களையும் தோண்டித் துடைத்தாகிவிட்டதால் 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் அவற்றையும் இரண்டாம் பட்டியலில் சேர்க்க முடிவெடுத்தார்கள். நம் வேங்கை இன்னும் அதில் இல்லை. கெடுபிடி இல்லாத மரம் சத்தம் போடாமல் போகிறது, கெடுபிடி உள்ள மரம் துப்பாக்கிச் சத்தத்தோடு போகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னொன்று, சைட்டிஸ் இரண்டாம் பட்டியல் என்றால் விற்கவே கூடாது என்று அர்த்தமில்லை. வியாபாரத்தால் இனத்துக்குக் கேடு இல்லை என்று காட்டி அனுமதியோடு விற்கலாம். 2019-இல் பட்டா நிலத்தில் வளர்த்த செம்மரத்தை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு வழி திறந்தது. இந்தியாவின் செம்மர வியாபாரத்தை 2004 முதல் சைட்டிஸ் தனியாகக் கண்காணித்து வந்தது, 2023 நவம்பரில் அதிலிருந்து விடுவித்தார்கள். ஆக, வளர்த்து விற்கும் வழி இருக்கிறது.

சத்தியவேடு விவசாயி:
வழி இருக்கிறது என்று எழுதுவது சுலபம், நடந்து பார்த்தால் தெரியும். எங்கள் மேட்டுக்காட்டில் அப்பா வைத்த செம்மரம் இருக்கிறது. வெட்ட அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். அடங்கலில், அதாவது ஊர் நிலப் பதிவேட்டில், மரம் பதிவாகவில்லை என்றார்கள். பதிவு செய்யப் போனால், மரம் உன்னுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்றார்கள். நிலம் என்னுடையது, வேலி என்னுடையது, மரம் மட்டும் யாருடையது? கடைசியில் அளந்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, படமெடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குள் வேலி ஓரத்தில் நின்ற நல்ல மரத்தை இரவோடு இரவாக யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புகார் கொடுக்கப் போனால் முதல் கேள்வி, நீயே வித்துவிட்டாயா என்பது.

புதிதாக வைக்கிற தம்பிகளுக்கு ஒன்று. 15 வருடத்தில் கோடீஸ்வரன் என்று விளம்பரம் போட்டுக் கன்று விற்கிறார்கள். நம்பாதீர்கள். காற்றில் சாய்ந்த மரம் ஒன்றை அறுத்துப் பார்த்தோம். வெளியே நல்ல பருமன், உள்ளே சிவப்பு கட்டைவிரல் அளவு. மீதி அத்தனையும் வெளிறு. தண்ணீர் பாய்ச்சிக் கொழுக்க வளர்த்தால் பருமன் வரும், வைரம் அவ்வளவு சீக்கிரம் வராது. பேரனுக்கு வைக்கிறேன் என்றால் வையுங்கள்.

திருத்தணி டீச்சர்:
விவசாயி ஐயாவுக்கு ஒரு தகவல். தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையம், செம்மர வியாபாரத்தில் வரும் பங்கீட்டுத் தொகையை வளர்த்தவர்களுக்கே கொடுக்கிறது. 2025-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் 18 விவசாயிகளுக்கு 55 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். அந்தப் பக்கமும் கேட்டுப் பாருங்கள்.

சத்தியவேடு விவசாயி:
நல்லதம்மா. திருவள்ளூருக்குக் கொடுத்தது எங்களுக்கும் கிடைக்குமா பார்க்கிறேன். நாங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டோம். 1960-இல் மாநில எல்லைக் கோடு இன்னும் கொஞ்சம் வடக்கே தள்ளியிருந்தால் மனுவையாவது தமிழில் எழுதியிருப்பேன்.

நெறியாளர்:
எல்லைப் பிரச்சினைக்குத் தனி இழை இருக்கிறது, அது ஏற்கெனவே போதுமான அளவு சூடாக ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே மரம் மட்டும்.

புத்தூர் நாற்றங்கால்:
கன்று விஷயத்தில் என் பங்குக்கு. செம்மரம் என்று சந்தையில் விற்பதில் பாதி செம்மரமே அல்ல. ஆனைக்குண்டுமணிக் கன்றைச் செஞ்சந்தனம் என்று தலையில் கட்டிவிடுகிறார்கள். அதற்கும் அந்தப் பெயர் உண்டு என்பதால் கேட்டால் சாதிப்பார்கள். அடையாளம் ரொம்பச் சுலபம். ஆனைக்குண்டுமணியில் இலை புளிய இலை மாதிரிப் பொடிப்பொடியாக, கிளைத்துக் கிளைத்துப் போகும். செம்மரக் கன்றில் அகலமான இலை. முதலில் ஒற்றை ஒற்றையாக வரும், பிறகு மூன்றாகும். மூன்று இலை பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

வேங்கைக் கன்று கேட்டு வருபவர்கள் வருடத்துக்கு விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். கேட்பவர்களும் குவளை செய்யலாமா என்றுதான் கேட்கிறார்கள். செம்மரக் கன்று கேட்டு லாரியோடு வருவார்கள். இதுதான் நிலவரம். யாருக்கும் வேண்டாத மரத்தை நாற்றங்காலில் வைத்தால் பைச் செலவு கூடத் திரும்பாது.

எல்லைநிலம்:
அப்படியானால் வேங்கையையும் செம்மரம் மாதிரிப் பாதுகாப்புப் பட்டியலில் ஏற்ற வேண்டும் என்கிறீர்களா? ஏற்றினால் நாளைக்கு அதற்கும் ஏஜெண்ட் வருவான். ஜவ்வாது அண்ணன் ஊரில் இன்னொரு வண்டி நிற்கும்.

ஜவ்வாது:
வண்டி நிற்பது பட்டியலைப் பார்த்து அல்ல தம்பி, பசியைப் பார்த்து. எங்கள் மலையில் வேங்கை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பிசின் எடுக்கக் கீறுவார்கள், தழைக்குக் கிளை ஒடிப்பார்கள், ஆனால் பெரிய மரத்தை ஊர்க்காரன் சாய்க்க மாட்டான். சில இடத்தில் சாமி மரம். எங்களிடமே கன்று கொடுத்து, காவலுக்குக் கூலி கொடுத்தால் நாங்கள் பார்த்துக்கொள்வோம். அப்படி யாரும் கேட்டு வரவில்லை. கட்டை வெட்டத்தான் கேட்டு வந்தார்கள்.

தாவரப்பித்து:
எல்லைநிலம், நான் சொல்வது உலகப் பட்டியலில் ஏற்றச் சொல்லி அல்ல. வேங்கை மொத்தமாக அழியும் ஆபத்தில் இல்லை, அந்தப் படி அதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நகரி, நாராயணவனம், நாகலாபுரம் மலைகளுக்கென்று ஒரு தனிக் கணக்கு எடுத்தால், வேங்கை செம்மரத்துக்கு மேலே வரும் என்பது என் ஊகம். செம்மரத்துக்கு உயிர்க்கோளக் காப்பகம் இருக்கிறது, 2010-இல் சேஷாசலத்தை அறிவித்தார்கள். ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா இருக்கிறது. வெட்டினாலும் துளிர்க்கிறது. தோட்டத்தில் லட்சக்கணக்கில் வளர்கிறது, தோட்ட மரம் காட்டு மரமாகாது என்றாலும் விதையாவது மிஞ்சும். இந்த மலையின் வேங்கைக்கு இதில் எதுவும் இல்லை. அதைத் தேடி வரும் பகையும் இல்லை, கேட்டு வரும் உறவும் இல்லை.

நகரிக்காரன் கேட்டது இதுதான் என்று நினைக்கிறேன். அவர் கண்ணும் சரி, பட்டியலும் சரி. இரண்டும் வெவ்வேறு கேள்விக்குப் பதில்.

கோனா நடை:
கணக்கு எடுப்பதானால் நான் வருகிறேன். ஆனால் செம்மரக் காட்டில் நோட்டுப் புத்தகத்தோடு நாலு பேர் மரத்தை அளந்துகொண்டு நின்றால் என்ன ஆகும் தெரியுமா? போன கோடையில் பறவை பார்க்கப் போன எங்களையே நிறுத்திவைத்து, பையைக் கொட்டச் சொல்லி, தமிழ் பேசுகிறோம் என்றதும் இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். தொலைநோக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வனத்துறை அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் யாரும் பாதையை விட்டு விலகாதீர்கள்.

நகரிக்காரன்:
அனுமதிக்கு எழுதுகிறேன். செம்மரம் என்று ஒரு வார்த்தை கூட மனுவில் இருக்காது, வேங்கைக் கணக்கு என்று மட்டும் போடுகிறேன். தெலுங்கில் பெத்தேகி என்று எழுதினால் போதுமா, யேகி என்றும் சேர்க்க வேண்டுமா?

தாவரப்பித்து:
இரண்டையும் எழுதி, கூடவே தாவரவியல் பெயரையும் தெலுங்கு எழுத்தில் போடுங்கள். எடுக்க வேண்டியது மூன்று விவரம்: நெஞ்சு உயரத்தில் அடிமரச் சுற்றளவு, காய் இருக்கிறதா இல்லையா, மரத்தைச் சுற்றிப் பத்தடிக்குள் கன்று இருக்கிறதா. மூன்றாவதுதான் முக்கியம். பிசினுக்குக் கீறிய தழும்பு இருந்தால் அதையும் குறியுங்கள்.

புத்தூர் நாற்றங்கால்:
வேங்கை விதை பொறுக்குவதாக இருந்தால் மாசிக்குள் போய்விட வேண்டும். பழுப்பேறிய காயைத்தான் எடுக்க வேண்டும், பச்சையில் பறித்தால் வீண். காயைச் சுற்றி இறக்கை மாதிரி இருப்பதைக் கத்தரியால் நறுக்கிவிட்டு, ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, மணல் படுக்கையில் விதையுங்கள். எல்லாம் முளைக்காது, உள்ளே விதையே இல்லாத காய் நிறைய இருக்கும். முளைத்ததை ஒரு மழைக்காலம் முழுக்கப் பையிலேயே வைத்துக் காப்பாற்றி, அடுத்த ஆடியில் நடுங்கள். முள்வேலி இல்லாமல் நட்டால் ஒரு வாரத்தில் ஆடு முடித்துவிடும்.

நகரிக்காரர் காய் கொண்டுவந்து கொடுத்தால் பையும் மண்ணும் என் செலவு. யார் யாருக்குக் கன்று வேண்டும் என்று கீழே எழுதுங்கள்.

சத்தியவேடு விவசாயி:
எனக்குப் பத்து. கிணற்று மேட்டில் இடம் இருக்கிறது. இந்தத் தடவை நடுகிற அன்றைக்கே அடங்கலில் ஏற்றிவிடுகிறேன்.

ஜவ்வாது:
எங்களுக்குக் கன்று வேண்டாம், எங்கள் மரத்துக் காயையே அனுப்பி வைக்கிறேன். எந்த மாதம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், பிள்ளைகளை விட்டுப் பொறுக்கச் சொல்கிறேன்.